கேற்றடிக் கடைக்கு வைஃபை எட்டேல்லை, ஃபேர்ம்வெயர் மாத்தினால் சரிவருமோ?

முள்ளியவளையான் · வெள்ளி, இரவு 8.12

எல்லாருக்கும் வணக்கம். கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் எழுதுறன்.

வீடு முள்ளியவளையில. சிம் போடுற 4ஜி பொக்ஸ் விறாந்தையில இருக்கு. அப்பான்ர கடை கேற்றடியில. காலடியால அளந்து பாத்தன், 60 மீற்றர் வருது. நடுவில ஒரு முருங்கையும் ரெண்டு மாவும் நிக்குது. கடைக்குத் தகரக் கூரை. கடையடியில போன் ஒரு கோடு காட்டும், ஆனால் ஒண்டும் திறபடாது. அப்பா ஆக்களுக்கு ரீலோட் போட்டுக் குடுக்கிறவர், அதுக்கு நெற் வேணும். ஒவ்வொருக்காவும் போனைத் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடி வாறார். வாங்க வந்த சனம் கடையில பாத்துக்கொண்டு நிக்குது.

என்னட்ட ரெண்டு ரவுட்டர் கிடக்கு. ஒண்டு மாமா கனடாவில இருந்து குடுத்துவிட்ட டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7, அடியில இருக்கிற ஸ்டிக்கரில வேர்சன் 2 எண்டு போட்டிருக்கு. மற்றது பழைய டபிள்யூஆர்841என், வேர்சன் 9. ஓப்பன்டபிள்யூஆர்டி எண்டு ஒரு ஃபேர்ம்வெயர், அதாவது ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள், இருக்காம், அதைப் போட்டால் சிக்னல் பவரைக் கூட்டலாமாம். யூரியூப்பில ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ?


மாங்குளச்சந்தி · வெள்ளி, இரவு 8.40

ஓம் மச்சான், கூட்டலாம். நான் 841இல செய்தனான். ஃபேர்ம்வெயரைப் போட்டிட்டு வைஃபை செற்றிங்குக்குள்ள போய் [இரண்டு வரி நீக்கப்பட்டது – மட்டுறுத்துனர்] பவர் எகிறும். போனில கோடு எல்லாம் நிறைஞ்சு நிண்டது. பால்மா ரின் ஒண்டை வெட்டி அன்ரெனாவா கொழுவினால் இன்னும் விசேசம்.


பனிக்குள்ள_பனங்கொட்டை · வெள்ளி, இரவு 9.05

கோடு நிறைஞ்சது சரி. நெற் வந்ததோ?


மாங்குளச்சந்தி · வெள்ளி, இரவு 9.07

அது கொஞ்சம் வந்தது.


மட்டுறுத்துனர் · வெள்ளி, இரவு 9.30

ரவுட்டரில் வேறு நாட்டின் குறியீட்டைப் போட்டு, அனுமதித்த அளவுக்கு மேல் பவர் ஏற்றும் முறையை இங்கு எழுத வேண்டாம். அலைவரிசை விசயத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொல்வதுதான் இலங்கையில் சட்டம். மற்றபடி தாராளமாகக் கதையுங்கள்.


இரணைமடுக்காத்து · வெள்ளி, இரவு 10.15

தம்பி முள்ளியவளையான், பவரைக் கூட்டுறதால உங்கட பிரச்சினை தீராது. ஏனெண்டு சொல்லுறன்.

வயலுக்க நிண்டு ஸ்பீக்கரில கூப்பிட்டால் அங்கால வரம்பில நிக்கிறவருக்குக் கேக்கும். அவர் வெறும் வாயால சொல்லுற மறுமொழி உங்களுக்குக் கேக்குமோ? போனும் ரவுட்டரும் அப்பிடித்தான். ரவுட்டரின்ர பவரைக் கூட்டினால் போனில கோடு கூடும். போனின்ர தொண்டை முந்தி மாதிரியேதான் இருக்கும். கோடு தெரியுது, ஒண்டும் திறபடேல்லை எண்டு நீங்கள் எழுதினதும் இதுதான், மாங்குளச்சந்திக்கு "கொஞ்சம் வந்ததும்" இதுதான்.

கணக்காச் சொன்னால், வீட்டு ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில விடுறது 100 மில்லிவாற் அளவு. அதை ரெண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். வெறும் வெளியிலயே தூரம் ரெண்டு மடங்காக 6 டெசிபெல் வேணும், அதாவது நாலு மடங்கு பவர். உங்கட வளவு வெறும் வெளி இல்லை, முருங்கை நிக்குது. மழை பெய்து இலை நனைஞ்சால் இன்னும் குடிக்கும்.

இன்னொண்டு. ரெண்டு அன்ரெனாவும் ஒண்டை ஒண்டு கண்ணால பாத்தால் மட்டும் காணாது. நடுவில, பலூனை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்த மாதிரி ஒரு வெளி வெறுமையா இருக்க வேணும். 60 மீற்றர் தூரத்துக்கு 2.4இல நடுமையத்தில சுத்திவர 1.4 மீற்றர் அளவு. முருங்கையைத் தறியச் சொல்லேல்லை, கொப்பை வெட்டுங்கோ. எப்பிடியும் மாரிக்கு முதல் வெட்டுறதுதானே.

நீங்கள் செய்ய வேண்டியது, கடையிலயும் ஒரு ரவுட்டரை வைச்சு வீட்டு ரவுட்டரோட கதைக்க விடுறது. கடைப் போன் கடை ரவுட்டரோட கதைக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டியில அதுக்கு டபிள்யூடிஎஸ் எண்டு ஒரு முறை இருக்கு. சி7 வீட்டில, 841 கடையில. ரெண்டிலயும் 2.4 பக்கம் ஒரே குடும்பச் சிப், அதால சண்டை வராது.

841இல ஒரே ஒரு ரேடியோதான். வீட்டோடயும் போனோடயும் மாறி மாறிக் கதைக்கேக்க வேகம் பாதியாகும். ஆனால் உங்கட 4ஜி பின்னேரத்தில எவ்வளவு வருது? 10 மெகாபிற் வந்தால் பெரிய விசயம். 841 பாதியானாலும் அதைவிடக் கூடக் குடுக்கும். புதுசா ஒண்டும் வாங்காதைங்கோ.


மல்லாவி_ரீச்சர் · சனி, காலை 6.50

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். 60 மீற்றர்தானே, வயர் இழுத்தால் என்ன? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இழுத்திருக்கிறோம்.


இரணைமடுக்காத்து · சனி, காலை 7.20

ரீச்சர், நெற் வயர் 100 மீற்றர் வரைக்கும் போகும், தூரம் பிரச்சினை இல்லை. இடிதான் பிரச்சினை. ஒரே கட்டிடத்துக்குள்ள இழுக்கலாம். ரெண்டு கட்டிடத்துக்கு நடுவில வெளியால செம்பு வயர் போனால், பக்கத்தில இடி விழேக்க ரெண்டு கட்டிடத்தின்ர நிலமும் வேற வேற வோல்ற்றுக்குப் போகும். அந்த வித்தியாசம் முழுக்க உங்கட நெற் வயருக்குள்ளால பாயும். சித்திரையிலயும் ஐப்பசியிலயும் எங்கட பக்கம் பின்னேர இடி எப்பிடி எண்டு தெரியும்தானே. போன ஐப்பசி ஒரே கிழமையில என்ர மேசைக்கு அஞ்சு ரவுட்டர் வந்தது, எல்லாத்திலயும் வயர் பூட்டுற போட் கருகியிருந்தது.

இழுக்கத்தான் வேணுமெண்டால் கண்ணாடி இழைக் கேபிள் இழுங்கோ, அதில கரண்ட் ஓடாது. ஆனால் ரெண்டு முனைக்கும் மாத்துற பெட்டி வேணும். ரீலோட் போடுற கடைக்கு அந்தச் செலவு தேவையில்லை.


பனிக்குள்ள_பனங்கொட்டை · சனி, காலை 8.02

தம்பி, சி7இல வெளியில நிக்கிற மூண்டு அன்ரெனாவையும் பாத்து மாங்குளச்சந்தியின்ர பால்மா ரின்னைக் கொழுவிப்போடாதையும். வேர்சன் 2இல அந்த மூண்டும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு. 2.4இன்ர அன்ரெனா பெட்டிக்கு உள்ளுக்க இருக்கு. நான் இஞ்ச ரொறன்ரோவில ஒண்டு வைச்சிருக்கிறன்.


முள்ளியவளையான் · சனி, காலை 9.15

நன்றி அண்ணை. விளங்குது. அப்ப டபிள்யூடிஎஸ்ஸுக்கு மட்டும்தானோ இந்த ஃபேர்ம்வெயர்? கொம்பனி போட்டுத் தந்ததை ஏன் ஆக்கள் மாத்தினம்?


இரணைமடுக்காத்து · சனி, காலை 10.40

நல்ல கேள்வி. கொஞ்சம் பழங்கதை சொல்லுறன், கடையில இண்டைக்கு ஆக்கள் குறைவு.

2002 டிசம்பரில லிங்சிஸ் கொம்பனி டபிள்யூஆர்டி54ஜி எண்ட நீலக் கறுப்புப் பெட்டியை விட்டது. எங்களுக்கு அது ஏ9 பாதை திறந்த வருசம். அந்தப் பெட்டிக்குள்ள ஓடினது லினக்ஸ் எண்டு ஆரோ கண்டுபிடிச்சிட்டினம். லினக்ஸின்ர உரிமத்தின்படி, அதை மாத்தி விக்கிறவர் மூலநிரலையும் குடுக்க வேணும். சனம் விடாமல் கேக்க, 2003இல குடுத்தாங்கள். அதை வைச்சு 2004இல தொடங்கினதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பேரில இருக்கிற டபிள்யூஆர்டி அந்தப் பெட்டியின்ர பேரில இருந்து வந்தது. டிடி-டபிள்யூஆர்டி, ரொமாற்றோ எல்லாம் அதுக்குப் பிறகு வந்த உறவுகள்.

கொம்பனி ஒரு மொடலை வித்து முடிச்சால் ரெண்டு மூண்டு வருசத்தில அதுக்கு அப்டேற் விடுறதை நிப்பாட்டிடும். பெட்டி நல்லா ஓடும், ஆனால் கதவு ஓட்டையோட ஓடும். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்ரர் எண்ட கிருமி வெளிப்பட்டது, குறைஞ்சது 54 நாட்டில 5 லட்சம் ரவுட்டர் அளவில பிடிச்சிருந்தது. பாவிச்ச சனத்துக்கு ஒண்டும் தெரியாது, நெற் வந்துகொண்டுதானே இருந்தது. நான் ஃபேர்ம்வெயர் மாத்துறது முதல்ல இதுக்குத்தான். டபிள்யூடிஎஸ் பிறகு வாற லாபம்.

ஆனால் ஒண்டைக் கவனியுங்கோ. சி7இல 16 மெகாபைற் ஃபிளாஷ் (ஃபேர்ம்வெயர் இருக்கிற இடம்), 128 மெகாபைற் ரம் (ஓடேக்க பாவிக்கிற நினைவகம்), இப்பத்தைய ஓப்பன்டபிள்யூஆர்டி தாராளமா ஓடும். உங்கட 841இல 4 மெகாபைற்றும் 32 ரம்மும்தான். அதுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின்ர 19.07 வேர்சன்தான் கடைசி, அந்த வரிசைக்கும் 2022இல பராமரிப்பு நிண்டுட்டுது. அதால 841ஐ ஒருநாளும் நெற்றுக்கு முன்னால வைக்காதைங்கோ. சி7 படலை, 841 உள் அறை. ஃபேர்ம்வெயரை மாத்திப்போட்டு அப்பிடியே மறந்தால் அதுவும் கொம்பனிப் பெட்டி மாதிரித்தான்.


பனிக்குள்ள_பனங்கொட்டை · சனி, காலை 11.10

ஒரு துணுக்கு. 2016இல அமெரிக்காவின்ர தொலைத்தொடர்பு ஆணைக்குழு, எஃப்சிசி, பவர் கூட்ட விட்டதுக்காக டிபி-லிங்கிட்ட 2 லட்சம் டொலர் வாங்கினது. வேடிக்கை என்னெண்டால், அதே உடன்பாட்டில திறந்த ஃபேர்ம்வெயர் போட வழி விட வேணும் எண்டும் எழுதுவிச்சது. கொம்பனிகள் எல்லாத்தையும் பூட்டிப்போடும் எண்டு நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரம் அது.


முள்ளியவளையான் · சனி, பின்னேரம் 4.30

841க்குப் போட்டிட்டன்! கொம்பனிப் பக்கத்துக்குள்ளாலயே ஏத்தினது, மூண்டு நிமிசமும் இல்லை. ஆனால் வைஃபையே காணேல்லை. பெயரும் வரேல்லை, ஒண்டும் வரேல்லை. பழுதாக்கிப்போட்டனோ?


இரணைமடுக்காத்து · சனி, பின்னேரம் 4.41

இல்லை, பயப்படாதைங்கோ. ஓப்பன்டபிள்யூஆர்டி வைஃபையை மூடித்தான் தரும். வயரைப் பூட்டி 192.168.1.1க்குப் போங்கோ. ரூட் எண்ட பேருக்குப் பாஸ்வேட் இருக்காது, முதல்வேலையா அதைப் போடுங்கோ. வைஃபையைத் திறக்கிறது அதுக்குப் பிறகு.


முள்ளியவளையான் · சனி, பின்னேரம் 5.02

வந்திட்டுது! சி7ஐயும் இப்பவே செய்யிறன்.


இரணைமடுக்காத்து · சனி, பின்னேரம் 5.05

இப்ப வேண்டாம். வானத்தைப் பாருங்கோ.


முள்ளியவளையான் · சனி, இரவு 7.48

அண்ணை உங்கட பதிவைப் பாக்க முதல் தொடங்கிட்டன்.

பாதியில கரண்ட் போட்டுது. லப்டொப்புக்குப் பற்றறி இருந்தது, ரவுட்டருக்கு என்ன இருக்கு. கரண்ட் வந்த பிறகு பவர் லைற் மட்டும் எரியுது, மற்ற லைற் எல்லாம் ஒருக்கா மின்னி மின்னி அணையுது, திருப்பித் திருப்பி அதையே செய்யுது. 192.168.1.1 திறபடேல்லை. மாமாவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்.


இரணைமடுக்காத்து · சனி, இரவு 8.30

மாமாவுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம், சாகேல்லை. உங்கட மொடலில பூட்லோடர், அதாவது கரண்ட் வந்ததும் முதல்ல எழும்பி ஃபேர்ம்வெயரை ஓட்டுற சின்ன நிரல், தனி இடத்தில இருக்கு, வெப் பக்கத்தால ஏத்தேக்க அதைத் தொடாது. லைற் மின்னி மின்னி அணையுறதே அது உயிரோட இருக்கிற அடையாளம்.

டிஎஃப்ரிபி எண்டு நெற் வயரால பூட்லோடருக்குக் கோப்பை அனுப்புற முறையால மீட்கலாம். லப்டொப்புக்கு 192.168.0.66 எண்டு கையால ஐபி குடுங்கோ. டிஎஃப்ரிபி சேர்வர் ஒண்டைப் போட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டியின்ர ஃபக்ரறி கோப்பை அதுக்குள்ள வையுங்கோ. கோப்பின்ர பேரை விக்கிப் பக்கத்தில சி7 வேர்சன் 2க்கு எப்பிடிச் சொல்லியிருக்கோ அப்பிடியே மாத்துங்கோ. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அடிக்கோடு, ஒண்டும் பிசகக்கூடாது. விண்டோஸின்ர ஃபயர்வோலை நிப்பாட்டுங்கோ, பாதிப் பேர் அதிலதான் விழுறது. பிறகு ரீசெற்றை அமத்திப் பிடிச்சுக்கொண்டு சி7இன்ர பவரைப் போடுங்கோ. டபிள்யூபிஎஸ் லைற் பத்தினதும் விடுங்கோ.

ஒரு வித்தை: லப்டொப்பை நேரா சி7இல பூட்டினால், பவர் போட்டு எடுக்கேக்க லப்டொப் "வயர் கழண்டுட்டுது" எண்டு நினைச்சு ஐபியை விட்டிடும். திரும்பி எழும்ப முதல் பூட்லோடர் கேட்டு முடிஞ்சிடும். அதால 841ஐ நடுவில சுவிச் மாதிரி வையுங்கோ, வயர் ரெண்டும் மஞ்சள் போட்டிலதான்.


முள்ளியவளையான் · ஞாயிறு, காலை 7.10

எழும்பிட்டுது!!

மூண்டு தரம் வரேல்லை. நாலாந்தரம் பாத்தால் கோப்பின்ர பேருக்குப் பின்னால விண்டோஸ் இன்னொரு ".bin"ஐ ஒளிச்சு வைச்சிருந்தது. அதை எடுத்ததும் டபிள்யூபிஎஸ் லைற் பத்தி, சேர்வரில கோடு கோடா ஓடிச்சுது. அம்மா தேத்தண்ணியோட பின்னால நிண்டு "என்னடா சிரிக்கிறாய்" எண்டு கேக்கிறா.

இந்தமுறை சி7ஐ மோட்டச்சைக்கிள் பற்றறியில போட்டுத்தான் செய்தனான்.


இரணைமடுக்காத்து · ஞாயிறு, காலை 8.00

நல்லது. ஸ்டிக்கரில 12 வோல்ற் எண்டு இருந்தால் அப்பிடி அவசரத்துக்குக் குடுக்கலாம், ஆனால் பற்றறி சார்ச்சில இருக்கேக்க குடுக்காதைங்கோ, 14 வோல்ற்றுக்கும் மேல ஏறும். 841 பெரும்பாலும் 9 வோல்ற், அதுக்குப் பற்றறியைக் கிட்டவும் கொண்டுபோகாதைங்கோ. ரெண்டுக்கும் மினி யூபிஎஸ் ஒண்டு வாங்குறது மேல்.


முள்ளியவளையான் · ஞாயிறு, பின்னேரம் 3.20

சி7 தனிய நல்லா ஓடுது. 4ஜி பொக்ஸில பூட்டினால் மட்டும் நெற் இல்லை. வயரைக் கழட்டினால் செற்றிங் பக்கம் வருது, பூட்டினால் ஒருக்கா பொக்ஸின்ர பக்கம் வருது, ஒருக்கா சி7இன்ர பக்கம் வருது.


இரணைமடுக்காத்து · ஞாயிறு, பின்னேரம் 3.34

ரெண்டும் 192.168.1.1. ஒரே வளவில ரெண்டு வீட்டுக்கும் ஒரே இலக்கம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? சி7ஐ 192.168.10.1 ஆக்குங்கோ, 841ஐ 192.168.10.2. 841இல டிஎச்சிபியை நிப்பாட்டுங்கோ, இலக்கம் குடுக்கிற வேலை சி7இன்ரது.


மல்லாவி_ரீச்சர் · ஞாயிறு, இரவு 7.45

இதை வாசித்துக்கொண்டு வர எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. பின்னேரத்தில் எங்கள் வீட்டில் ரியூசன். பிள்ளைகள் பாஸ்வேட் கேட்டார்கள், கொடுத்தேன். இப்போது ஒழுங்கை முழுக்க அந்தப் பாஸ்வேட் இருக்கிறது. மாதம் முடிய முதலே டேட்டா முடிகிறது. நானும் இந்த ஃபேர்ம்வெயர் போட வேண்டுமா?


இரணைமடுக்காத்து · ஞாயிறு, இரவு 8.20

தேவையில்லை ரீச்சர். இருக்கிற பெட்டியிலயே செய்யலாம்.

முதல்ல நிர்வாகப் பக்கத்தின்ர பாஸ்வேட். வைஃபை பாஸ்வேட் வேற, இது வேற. அடியில ஒட்டியிருக்கிறதையே வைச்சிருந்தால், உள்ளுக்கு வந்த எந்தப் பிள்ளையும் பெட்டியைத் தலைகீழாப் பிடிச்சு வாசிக்கும்.

ரெண்டாவது டபிள்யூபிஎஸ்ஸை நிப்பாட்டுங்கோ. வைஃபை பாஸ்வேட் இல்லாமல் ஒரு பின் (PIN) இலக்கத்தால இணையிற வசதி அது. அந்த PIN 8 இலக்கம், 10 கோடி வழி எண்டுதான் சனம் நினைச்சது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு மட்டும். மிச்சத்தில ரவுட்டர் முதல் 4ஐயும் அடுத்த 3ஐயும் தனித்தனியாச் சரி பிழை சொல்லும். அப்ப 10,000உம் 1,000உம், ஆகக்கூடி 11,000 முயற்சி. 2011லயே இது வெளிவந்திட்டுது. வைஃபை பாஸ்வேட் எவ்வளவு நீளமா இருந்தாலும் இந்தப் பின்கதவு திறந்தால் பிரயோசனமில்லை.

பிறகு கெஸ்ற் வைஃபை எண்டு வந்துபோற ஆக்களுக்குத் தனியா ஒண்டு இருக்கும், பிள்ளையளுக்கு அதைக் குடுத்து, வகுப்பு முடிய நிப்பாட்டுங்கோ. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், இருந்தால் டபிள்யூபிஏ3. பழைய டபிள்யூஇபி எண்டு கண்டால் அதைப் பூட்டு எண்டு நினைக்காதைங்கோ.


பனிக்குள்ள_பனங்கொட்டை · திங்கள், அதிகாலை 2.30

நானும் ஒண்டு கேக்கிறன். ஊரில அம்மா தனிய. கேற்றில கமரா பூட்டியிருக்கு. இஞ்சயிருந்து பாக்க, பூட்டின பொடியன் "ரவுட்டரில போட் திறந்துவிட்டால் சரி அண்ணை" எண்டு சொல்லுறார், வெளி நெற்றிலயிருந்து கமராவுக்கு நேரா வர வழி விடுறதாம். செய்யலாமோ?


இரணைமடுக்காத்து · திங்கள், காலை 6.15

செய்யாதைங்கோ. 2016இல மிராய் எண்ட கிருமி பரவினது இப்பிடித் திறந்துவிட்ட கமராப் பெட்டியளாலயும் ரவுட்டராலயும்தான். அது பெரிய வித்தை ஒண்டும் செய்யேல்லை, கொம்பனி போட்டுவிட்ட பாஸ்வேட்டுகளை வரிசையா அடிச்சுப் பாத்தது, அவ்வளவுதான்.

4ஜி எண்டால் போட் திறந்தும் பெரும்பாலும் வராது. பொக்ஸுக்கு வெளியில வந்திருக்கிற ஐபியைப் பாருங்கோ, 100.64இல இருந்து 100.127க்குள்ள, இல்லாட்டி 10இல தொடங்கினால் கன வீட்டுக்கு ஒரே வெளி இலக்கம். வெளியிலயிருந்து கதவைத் தட்டேலாது.

அதால ஊர் ரவுட்டர் உங்களைத் தேடி வரட்டும். உங்கட ரொறன்ரோ சி7இல வயர்காட் (WireGuard) எண்ட விபிஎன்னைப் போடுங்கோ, அது ரெண்டு ரவுட்டருக்கும் நடுவில பூட்டுப் போட்ட குழாய் மாதிரி, உங்களுக்கு வெளி ஐபி இருந்தால். ஊரில ஓப்பன்டபிள்யூஆர்டிப் பெட்டி ஒண்டு வைச்சு, 25 செக்கனுக்கு ஒருக்கா உங்களைத் தட்டச் சொல்லுங்கோ. அந்தக் குழாய்க்குள்ளால மட்டும் கமராவைப் பாருங்கோ. அம்மான்ர வீட்டில ஒரு போட்டும் திறக்கத் தேவையில்லை.


பனிக்குள்ள_பனங்கொட்டை · திங்கள், காலை 6.40

ஆவணியில ஊருக்கு வாறன். பெட்டியோட உங்கட கடைக்கே வாறன் அண்ணை.


முள்ளியவளையான் · நாலு கிழமைக்குப் பிறகு, புதன் இரவு 8.55

முடிவைச் சொல்லாமல் விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

முருங்கைக் கொப்பை வெட்டி, சி7ஐ விறாந்தை வளைக்குக் கீழயும் 841ஐக் கடை முன்பக்கக் கப்பிலயும் உயரத்தில கட்டினன். தகரத்துக்குக் கீழ வைக்கேல்லை, மத்தியானம் கை வைக்கேலாத சூடு. கடையில இப்ப 4ஜியில வாறது அப்பிடியே வருது, மழையிலயும் நிக்குது. அப்பா கதிரையை விட்டு எழும்புறேல்லை.

நடுவில ஒரு கிழமை 841 தன்பாட்டில நிண்டு நிண்டு வேலை செய்தது. செற்றிங் முழுக்க மாத்திப் பாத்தன். கடைசியில திறந்தால் உள்ளுக்க எறும்பு, முட்டையோட. கதகதப்புக்கு வந்திருக்குது. தட்டித் துடைச்சு, பெட்டியைச் சாப்பாட்டுப் பெட்டி ஒண்டுக்குள்ள தொங்கவிட்டு, கட்டின கம்பியில கிரீஸ் பூசினன். பிறகு பிரச்சினை இல்லை.

ஆனால் அண்ணை, இண்டைக்குக் கடைக்குப் போனால், அப்பா மட்டை ஒண்டில வைஃபை பாஸ்வேட்டைப் பெரிசா எழுதித் தராசுக்கு மேல தொங்கவிட்டிருக்கிறார். ரீலோட் போட வாற ஆக்கள் கேட்டவையாம்.


இரணைமடுக்காத்து · புதன், இரவு 9.10

எந்த வைஃபையின்ர பாஸ்வேட்?


முள்ளியவளையான் · புதன், இரவு 9.12

கெஸ்ற்தான். 841இலயே தனி இலக்கத்தில கெஸ்ற் ஒண்டு போட்டு, அதிலயிருந்து வீட்டுப் பக்கமும் 841இன்ர நிர்வாகப் பக்கமும் திறபடாமல் அடைச்சனான். அப்பாவுக்கு அந்த ஒரு பாஸ்வேட் மட்டும்தான் சொன்னனான். அவர் இப்பிடிச் செய்வார் எண்டு எனக்குத் தெரியும்.


மாங்குளச்சந்தி · புதன், இரவு 9.20

கடை எந்தப் பக்கம் மச்சான்?